ஏழாம் நம்பர் மிஷின்

அன்புசெல்வியை எத்தியோப்பியாவுக்கு அனுப்பியது அவளுடைய திறமைக்காக என்று கம்பெனியில் சொல்லிக்கொண்டார்கள். திறமை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைப் போல தையல் லைன் ஓட்டத் தெரிந்த சூப்பர்வைசர்கள் திருப்பூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நீட்டிய காகிதத்தில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவள், கணவனை இழந்தவள், போகாதே என்று தடுக்கச் சொந்தத்தில் வாயுள்ள ஆள் ஒருவரும் இல்லாதவள் என்று தேடினால் அவள் ஒருத்திதான் தேறினாள். முதலாளி மகுடேஸ்வரனுக்கு அது போதுமாக இருந்தது. மகள் தமிழ்மதியை வெள்ளகோவிலில் தன் தாய் பழனாத்தாளிடம் விட்டுவிட்டு, 2020 ஜனவரியில் விமானம் ஏறினாள்.

அவளுடைய அப்பா வெள்ளையன் ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். ஐம்பது வயது மனிதரைப் பள்ளிக்கூடம் போகும் பொடிசுகள் “டேய் வெள்ளையா” என்று கூப்பிடும். அவர் “சாமி” என்று ஓடுவார். தன் பெயரையும் அதே வாசலில் அதே தொனியில் கேட்டுத்தான் அன்புசெல்வி வளர்ந்தாள். பதினாறு வயதில் பனியன் கம்பெனிக்கு வந்தபோது யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. “நாலாம் நம்பர், பீஸ் என்னாச்சு?” என்றார் சூப்பர்வைசர். அவள் உட்கார்ந்த தையல் மிஷினின் நம்பர் அது. பெயரைச் சொன்னால் ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள், தெருவைச் சொன்னால் முகம் மாறும். நாலு என்றால் நாலு, அதோடு பேச்சு முடிந்தது. அதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்கு முன் அந்த அளவு மரியாதைகூட அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஆகவே தானே சூப்பர்வைசர் ஆனதும் அவளும் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். எல்லோரையும் ஒன்றுபோல நடத்துகிறோம் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகுடேஸ்வரன் கூட்டுச் சேர்ந்து நடத்திய அந்தக் கம்பெனி எத்தியோப்பியாவின் வடக்கே, டிக்ரே என்ற மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. முப்பத்தோரு மிஷின், முப்பத்தோரு பெண்கள். அவர்கள் பாஷை இவளுக்கு வராது, இவள் பாஷை அவர்களுக்கு வராது. கையைப் பிடித்துத்தான் தையல் சொல்லிக் கொடுத்தாள். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை தமிழில் எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். அவரவர் நம்பர் காதில் விழுந்தால் தலை நிமிர்ந்தது, வேலை நடந்தது. ஏப்ரலில் கொரோனா வந்து எல்லோருக்கும் முகக்கவசம் போட்டார்கள். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி வேறு. கண்ணும் கையும்தான் தெரியும். பாதிப் பேர் அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள். அவர்கள் சாப்பிட்டது வெளியே கொட்டகையில், இவள் சாப்பிட்டது ஆபீஸ் அறையில்.

பொங்கலுக்குக் கம்பெனி கொடுத்த டைரியைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை பீஸ் என்று தினமும் அதில் எழுதுவாள். நவம்பர் நாலாம் தேதி அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. மத்திய அரசின் ராணுவம் ஒரு பக்கம், அந்த மாநிலத்தை ஆண்டவர்களின் படை மறுபக்கம். போன், நெட், கரண்ட் மூன்றும் ஒரே நாளில் போயின. அன்றிலிருந்து டைரியில் பீஸ் கணக்கு குறைந்து மற்றதெல்லாம் கூடியது. தமிழில் பேசக் கூட வந்த கட்டிங் மாஸ்டர் ஒருவரைத் தவிர ஆள் இல்லாதபோது என்னதான் செய்வாள்.

“நவ. 4. ஜெனரேட்டரில் ஓட்டினோம். 12, 20 வரவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். நேற்று முதலாளி போனில் பேசினார். எல்லைப் பக்கம் ஏதோ சலசலப்பாம். ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும், லைனை நிறுத்தாதே என்றார்.”

“நவ. 14. வெளிநாட்டு ஆட்களை ஏற்றிப்போக வண்டி வந்தது. கட்டிங் மாஸ்டர் திருமூர்த்தி அண்ணன் போய்விட்டார். என் பாஸ்போர்ட் விசா வேலைக்காகத் தலைநகரத்து ஆபீஸில் இருக்கிறது. அடுத்த வண்டியில் வா என்கிறார்கள். அடுத்த வண்டி எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.”

“நவ. 19. கடையில் ஒன்றும் இல்லை. 7 எனக்குத் துணியில் சுற்றி இஞ்செரா கொண்டுவந்தாள். புளித்த ஆப்பம் மாதிரி இருக்கிறது. சாப்பிட்டேன். நல்ல பிள்ளை. மடிப்புத் தையல் இன்னும் கொஞ்சம் வேகம் வர வேண்டும்.”

“நவ. 27. குண்டுச் சத்தம். யாரும் வரவில்லை. மேஜைக்கு அடியில் படுத்திருந்தேன். தமிழ்மதியை நினைத்துக்கொண்டேன்.”

பத்து நாள் பூட்டிக் கிடந்த கம்பெனியை டிசம்பர் ஏழில் திறந்தார்கள். ஊர் அப்போது மத்திய அரசின் சிப்பாய்கள் கையில் இருந்தது. மீதித் துணியை முடித்துவிடலாம் என்றான் உள்ளூர் மேனேஜர். பெண்கள் துணிக்காக வரவில்லை. ஊரில் மாவு இல்லை, கம்பெனியில் மத்தியானச் சாப்பாடு இருந்தது, அதற்காக வந்தார்கள்.

“டிச. 9. பிள்ளைகளை ஏற்றி வரும் கம்பெனி பஸ் காலியாக வந்தது. வழியில் சிப்பாய்கள் நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்களாம். டிரைவர் உட்கார்ந்து அழுதான். 3, 7, 15, 16, 22 வரவில்லை.”

ஜனவரி ஐந்தாம் தேதி ஒரு லாரியில் இடம் கிடைத்து, தலைநகரம் போய், பாஸ்போர்ட்டை வாங்கி ஊர் வந்து சேர்ந்தாள். மறுவாரமே மகுடேஸ்வரன் ஆபீஸுக்குக் கூப்பிட்டு டைரியை வாங்கினார். சரக்கு ஏன் நேரத்துக்குப் போகவில்லை என்று வெளிநாட்டுக் கம்பெனிக்குக் காட்ட அவருக்கு அது வேண்டியிருந்தது. ஆள் வராத நாட்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னவர், டிசம்பர் ஒன்பது வந்ததும் நிறுத்தினார்.

“இந்தப் பக்கம் வேண்டாம். படிக்கறவன் நம்மளைத்தான் கேள்வி கேப்பான்” என்றார். பிறகு டைரியைத் திருப்பிக் கொடுத்து, “நல்லா எழுதி வெச்சிருக்கற அன்பு, பெரிய உபகாரம்” என்றார்.

“சரிங்க” என்று வாங்கிக்கொண்டு வந்தாள். பல்லடம் ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்து மகளை அழைத்துக்கொண்டாள். அந்த வீட்டு அலமாரியில் டைரி ஒரு வருஷம் கிடந்தது.

2022 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து அவளும் மகளும் வந்து சேர்ந்தபோது வாசலில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். உயரம், ஒல்லி, கையில் பிளாஸ்டிக் கவர். பெயர் கிர்மாய், டிக்ரேக்காரன், கோயமுத்தூரில் படிக்கிறான். போர் தொடங்குவதற்கு முன்பே வந்தவன். அன்றிலிருந்து வீட்டுக்குப் போன் போகவில்லை. திருப்பூர்க் கம்பெனி ஆபீஸில் போய் அன்புசெல்வியின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான், அப்படி ஒருத்தி இங்கே வேலை செய்யவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறி, ஆப்பிரிக்கா போய்வந்த அன்புசெல்வி வீடு எது என்று விசாரித்தான். அங்கே அப்படி ஒருத்திதானே உண்டு! பழனாத்தாள் விலாசம் கொடுத்தாள்.

“ஊட்டுக்குள்ள வாங்க தம்பி, உக்காருங்க” என்றாள் அன்புசெல்வி. பதினொன்றாவது படிக்கும் தமிழ்மதி அவனுடைய இங்கிலீஷுக்கும் அம்மாவின் தமிழுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

அவன் கவரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். அவனுடைய தங்கை மெப்ராத் 2020 நவம்பர் இருபத்தி ரெண்டாம் தேதி எழுதியது. யார் யாரோ நிவாரணக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, பதினோரு மாதம் கழித்து அவனிடம் வந்திருந்தது. நிறுத்தி நிறுத்தி வாசித்தான், தமிழ்மதி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அண்ணா, நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மாட்டை விற்றுவிட்டோம். எனக்குத் தையல் சொல்லித் தருகிறவள் பெயர் அன்புசெல்வி. நீ இருக்கும் நாட்டுக்காரி, ஊர் வெள்ளகோவில். அவள் கணவன் அருள்குமார் செத்துப்போனான். அம்மா பெயர் பழனாத்தாள். மகள் பெயர் தமிழ்மதி, நன்றாகப் படிப்பாளாம். போனில் போட்டோ காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் ஏழாம் நம்பர் மிஷினில் இருக்கிறேன். என் பெயரை இரண்டு முறை சொன்னேன், மறந்துவிடுகிறாள். பாவம், அவளுக்கு வேலை அதிகம். எங்களை விட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள், அவள் மட்டும் இருக்கிறாள்.”

தன் பெயர் வந்த இடத்தில் தமிழ்மதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அன்புசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போட்டோவைக் காட்டி, பெயர்களைச் சொல்லி, மீதியை ஜாடையில் விளக்கியது ஞாபகம் இருந்தது. பெயர் சொன்னது ஞாபகம் இல்லை.

அவன் ஒரு படத்தை நீட்டினான். பின்னல் போட்ட தலை, பல் தெரியச் சிரிக்கும் முகம். அன்புசெல்வி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், கடைசியில் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மறைத்துப் பார்த்தாள். இருக்கலாம் என்று தோன்றியது. அதற்குமேல் சொல்ல முடியவில்லை. தனக்குச் சோறு கொண்டுவந்தவளின் வாயை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

“நவம்பருக்கு அப்புறம் அவங்களப் பாத்தீங்களான்னு கேக்கறாரும்மா.”

டைரியை எடுத்து வந்தாள். டிசம்பர் ஒன்பதை எப்படி மறைப்பது என்று தெரியாமல் படித்துவிட்டாள். காலி பஸ்ஸைப் பற்றித் தமிழ்மதி சொன்னதும் அவன் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான். அன்புசெல்வி அவசர அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். டிசம்பர் பதினாலு.

“இருங்க தம்பி, இருங்க. இதா எழுதியிருக்கறனே! ஏழு வந்தாள்னு இருக்குது. பஸ் இல்லை, ஆறு பேர் நடந்து வந்தார்கள். ஏழு வந்தாள். கை நடுங்குகிறது, தையல் கோணல், திட்டினேன்னு. வந்திருக்குது தம்பி, உங்க தங்கச்சி வந்திருக்குது!”

“ஷீ கேம் பேக்” என்று தமிழ்மதி கிட்டத்தட்டக் கத்தினாள். அவன் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அன்புசெல்விக்கும் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் பார்த்தாள்.

“டீசல் கம்மி, லைட் போட முடியாது. அதனால் வந்த ஆறு பேரையும் ஜன்னல் வெளிச்சத்தில் 5 முதல் 10 வரை உட்கார வைத்தேன்.”

இரண்டாம் தடவையும் படித்தாள். ஆறு பேர், ஆறு மிஷின். அன்றைக்கு ஏழில் உட்கார்ந்தவள் யாராகவும் இருக்கலாம். எவளோ ஒரு பிள்ளை, எங்கிருந்தோ உயிர் தப்பி நடந்து வந்தவள், கை நடுங்கத் தைத்திருக்கிறாள். அவளைத் திட்டியிருக்கிறோம். அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.

மகளிடம் அந்த வரியைக் காட்டினாள். தமிழ்மதி படித்தாள், நிமிர்ந்து அந்தப் பையனைப் பார்த்தாள்.

“விட்டுரும்மா” என்றாள் மெல்ல. “வந்தாங்கன்னே இருக்கட்டும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.”

விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பொய், அதுவும் சொல்லி முடித்தாகிவிட்ட பொய். இனிமேல் சும்மா இருந்தாலே போதும். ஆனால் அந்தப் பொய்யை நம்பி அவன் தேடிக்கொண்டே இருப்பான், ஊரில் தன் வீட்டுக்கும் எழுதுவான். அன்றைக்கு வந்தவளைத் தேடுகிற வீடும் எங்கோ இருக்கும். அவளையும் இவன் தங்கை கணக்கில் எழுதிவிட்டால் அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது? ஒரு தடவை பெயரில்லாமல் எழுதி வைத்தது போதாதா என்று அன்புசெல்விக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

“இல்லை கண்ணு. சொல்லு.”

தமிழ்மதி சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. கிர்மாய் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆறு பேர் பெயர் என்ன என்று கேட்டான். தெரியவில்லை. ஆறாம் மிஷின்காரி, எட்டாம் மிஷின்காரி? தெரியவில்லை. பஸ் டிரைவர் பெயராவது? அவனை டிரைவர் என்றுதான் கூப்பிடுவது.

அவன் கவருக்குள் கைவிட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தான். தான் வருவது தெரிந்து, வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பியதாம். அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத பெண்கள், பத்துப் பேர். ஒவ்வொருத்தியையும் பற்றி ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்றான்.

வாசித்தான். லெத்தாய். அன்புசெல்வி தலையை ஆட்டி, “தெரியலீங்க” என்றாள். தமிழ்மதி அதை இங்கிலீஷில் சொன்னாள். அபெபா. “தெரியலீங்க.” தமிழ்மதி சொன்னாள். ட்சேகா. “தெரியலீங்க.” தமிழ்மதி சொன்னாள். நாலாவது பெயருக்கு அன்புசெல்வி வாய் திறந்ததும் அவன் கையைக் காட்டித் தமிழ்மதியை நிறுத்தினான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மீதி ஆறு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.