டொக்டருக்குச் சொன்னதும் எழுத்தாளருக்குச் சொல்லாததும்

1. மேடையும் வெயிட்டிங் ரூமும்

என் முதல் நாவல் வெளியான அடுத்த திங்கட்கிழமை, கிளினிக்கைத் திறந்ததும் ஒரு மனிதர் புத்தகத்தை என் மேசையில் போட்டுவிட்டுச் சத்தம் போட்டார்.

“என்ர குடும்பக் கதையை ஊருக்கே சொல்லிப்போட்டியள், டொக்டர்! நல்லாயிருக்கோ உது?”

நாவலில் ஒரு பெண் கணவனை விட்டுவிட்டுப் பக்கத்து நகரமான மிசிசாகாவுக்குப் போய்விடுகிறாள். அவள் முழுக்க என் கற்பனை. இந்த மனிதரின் மனைவி வீட்டை விட்டுப் போனதே எனக்கு அன்றுதான் தெரியும். எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. அடுத்த வாரம் வேறு இரண்டு பெண்கள் வந்து, தங்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி சொன்னார்கள். என்னத்தைச் சொல்ல!

எல்லாம் அந்த வெளியீட்டு விழாவால் வந்த வினை. பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பிரதி வாங்கிப் படம் எடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஸ்காபரோ மண்டபத்தில் அன்று மேடை ஏறியவர்களில் பாதிப்பேர் என்னிடம் மருந்துக்கு வரும் பேஷன்ற்மார். அறிவிப்பாளர் வேறு, “எங்கட சனத்தின்ர நாடி பிடிச்சு டொக்டர் எழுதின நாவல்” என்று மைக்கில் முழங்கினார். பிறகு சனம் வேறு என்ன நினைக்கும்?

யாழ்ப்பாணத்தில் டொக்டராகி, புலம்பெயர்ந்து இந்த நாட்டுக்கு வந்து பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கி, திரும்பவும் சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தவன் நான். அந்த அலுப்பைத்தான் நாவலில் எழுதியிருந்தேன். அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

2. மலர் அக்கா

நாவல் வந்த பிறகு கிளினிக் அறைக்குள் பேச்சே மாறிவிட்டது. சிலர் நாவலில் வருவதற்கென்றே வந்தார்கள். முழங்கால் நோவில் தொடங்கி, இங்கே வந்து சேரக் கொழும்பு, பாங்கொக் என்று ஊர் ஊராக அலைந்த கதை முழுவதையும் சொல்லிவிட்டு, “உதை எழுதுங்கோ டொக்டர், நல்லாப் போகும்” என்பார்கள். முன்மேசையில் இருந்த சுகந்தி, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று கதவைத் தட்டித் தட்டியே களைத்துப்போவாள். வேறு சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். இவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

மலர் அக்கா (இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை) பல வருடமாக என்னிடம் வந்தவர். பிறஷருக்குக் குளிசை எழுதி வாங்க வந்தால், மருமகளின் குறையில் தொடங்கி மகனின் வீட்டு மோட்கேஜ் கடன் வரைக்கும் சொல்லாமல் எழும்பமாட்டார். நாவல் வந்து சில மாதத்தில் வந்த அன்று குளிசையை மட்டும் கேட்டார். பிறஷர் பார்ப்பதற்காக இடது கையைத் தூக்கியபோது அவர் முகம் சுருங்கியது.

“என்னக்கா செய்யுது?”

“ஒண்டுமில்லை.”

“கை நோகுதோ?”

“ஒண்டுமில்லை எண்டு சொல்லுறன், விடுங்கோவன்.”

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. “என்னட்டச் சொல்லாமல் வேற ஆரிட்டச் சொல்லப்போறியள்?”

அவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். “தம்பி, ஒண்டில் டொக்டரா இருங்கோ, இல்லாட்டிக் கதை எழுதுங்கோ. ரெண்டு பேரும் ஒராளா இருந்தால் நாங்கள் எங்க போறது?”

“நீங்கள் சொல்லுறது இந்த அறையை விட்டு வெளிய போகாது அக்கா. என்ர பிள்ளையாணை நாவலில எழுதமாட்டன்” என்றேன்.

கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்றார்.

“கனநாளாவோ?”

“ஓம். முந்தியே சொல்லத்தான் வந்தனான். வெயிட்டிங் ரூமில எல்லாரும் உங்கட புத்தகத்தில ஆர் ஆர் வருகினம் எண்டு கதைச்சுக்கொண்டிருந்தவை. அப்பிடியே திரும்பிப் போட்டன்.”

புற்றுநோய்தான். ஒப்பரேஷன் செய்து தப்பிவிட்டார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு வெட்டத் தேவைப்பட்டிருக்காது என்று சேர்ஜன் சொன்னார். அந்த வார்த்தையை அக்காவுக்கு நான் சொல்லவில்லை. அக்குள் வரை வெட்டியதால், பிறகு இடது கை வீங்கத் தொடங்கியது.

3. கடையில்

அக்கா சொன்ன இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். டொக்டர் வேலையில் நன்றாகவே களைத்திருந்தேன், எழுத்தை வைத்துக்கொண்டேன். கிளினிக்கை ஓர் இளம் டொக்டரிடம் ஒப்படைத்தேன். இனி ஒருவரையும் பயப்படுத்தாமல் நாள் முழுக்க எழுதலாம் என்று பெரிய சந்தோஷம்.

போன மாதம் தமிழ்க் கடையில் மலர் அக்காவைக் கண்டேன். முருங்கைக்காய் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடியக்கா சுகம்?”

“சுகம் தம்பி. சரியான குளிர், என்ன?”

“கை வீக்கம் இன்னும் வத்தேல்லைப் போல?”

ஜக்கற்றின் கையை மணிக்கட்டு வரை இழுத்து மூடினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் சிரித்தார்.

“அதைப் புது டொக்டரிட்டச் சொல்லியிருக்கிறன்.”

காருக்குள் வந்து இருந்தேன். ஸ்டார்ட் பண்ண மனம் வரவில்லை.

எழுத ஆசைப்படும் இளம் டொக்டர்மார் சிலர், வேலையை விடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். விடுங்கள், நேரம் தாராளமாகக் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது, இரண்டாவது நாவல் மட்டும் நகரவில்லை. சனம் இத்தனை வருடமும் என்னை நம்பித்தான் நோவைச் சொன்னது என்று நினைத்திருந்தேன். அவர்கள் நம்பியது டொக்டரை. மலர் அக்காவின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கிளினிக்கில் இருக்கும் அந்தப் புது டொக்டர்ப் பொடியனுக்குத்தான் தெரியும்.