சாவித்துளை காலியாக இருக்கட்டும்

தெருவில் அவனைப் பல்செட்டுக்காரன் என்றுதான் சொல்வார்கள். பல் மருத்துவர் ஒருவரின் மாடியில் இருந்த பட்டறையில் பொய்ப்பல் செய்வது அவன் வேலை. அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, ஒவ்வொரு பல்லாக நட்டு, ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்தவன். தான் சிரிப்பதில் மட்டும் கஞ்சன்.

முதலாளி வெளியூரில் கிளை திறந்தார். புது ஆட்களுக்கு வேலை பழக்கிவிட்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

"உனக்கென்னப்பா, ஒண்டிக்கட்டை. நீயே போயிட்டு வா."

"வீட்டைப் பூட்டிட்டுப் போக முடியாதுங்க."

"பூட்டிட்டுப் போகத்தானேய்யா வீட்டுக்குப் பூட்டு இருக்கு?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது.

அவன் மனைவி துணி ஆலை ஒன்றில் வேலை கிடைத்து வெளியூர் போனவள். சண்டை எதுவும் இல்லை. முதலில் தினமும் போன் செய்தாள். பிறகு எப்போதாவது. பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். போகும்போது வாசல் சாவி ஒன்று அவள் கைப்பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை வருடம் இருந்தான். அவளுடைய முன்பல் ஒன்றும் அவன் செய்ததே. எந்த ஊரில் யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அவன் கைவேலை தெரியும்.

திடீரென்று ஒரு நாள் அவள் வந்து கதவைத் திறந்தால், உள்ளே இருட்டும் தூசியும் காய்ந்த செடியும் இருக்கக்கூடாது. அவனும் போய்விட்டான் என்று நினைத்துத் திரும்பிவிடுவாள். ஆகவே அக்காவை வரச் சொன்னான்.

அக்கா வந்து இறங்கினாள். பை இரண்டு, வாய் ஒன்று. அந்த ஒன்று நாலு வாய்க்குச் சமம்.

"செடிக்குத் தண்ணி ஊத்து. சாயங்காலம் முன்ரூம் லைட்டைப் போட்டுடு. அப்புறம், உள்ளே பூட்டினதும் சாவியை ஓட்டையிலேயே விட்டுடாதேக்கா. உருவி ஆணியில மாட்டிடு. மேல் தாழ்ப்பாளும் வேண்டாம்."

"ஏண்டா, திருடன் சிரமப்படக்கூடாதுன்னா?"

"உள்ளே சாவி இருந்தா வெளியிலேர்ந்து சாவி நுழையாது."

"நீதானே வரப்போறே? வந்தா மணியை அடியேன். நான் என்ன செவிடா?"

"பழக்கம்க்கா. விடு."

"நல்ல பழக்கம்!"

அப்போதே உடைத்துச் சொல்லியிருக்கலாம். அக்கா சிரித்துவிடுவாள் என்று பயம்.

வெளியூரில் சாயங்காலம் ஆனால் போன் செய்வான்.

"யாராவது வந்தாங்களாக்கா?"

"வந்தாங்களே! கேஸ்காரர் வந்தாரு, குப்பை வண்டி வந்துச்சு, எதிர்வீட்டுப் பூனை ரெண்டு தடவை வந்துச்சு. நீ யாரைக் கேக்கறே?"

"சும்மாதான்."

அந்த ஊர்க் கடைவீதியில் யாராவது ஒரு பெண் சிரித்தால் அவன் கண் முதலில் முன்பல்லுக்குப் போகும். பிறகுதான் முகத்துக்கு.

வேலை ஒரு நாள் முன்னதாகவே முடிந்தது. சொல்லாமல் கிளம்பி வந்தான். படியேறி, பையை இறக்கி வைத்து, சாவியைப் போட்டான். நுழையவில்லை. மாடி தவறி ஏறிவிட்டோமோ என்று பார்த்தான். இல்லை, அவன் கதவுதான். பூட்டு மட்டும் புதிது, பளபளவென்று. மணியை அடித்தான். யாரும் வரவில்லை. கதவடியில் விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. தாளித்த வாசனை வந்தது. உள்ளே யாரோ குடும்பம் நடத்துகிறார்கள், கையிலிருக்கும் சாவி மட்டும் பொருந்தாது.

இப்படித்தான் அவள் வந்து நின்றிருப்பாளோ.

படியில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா காய்கறிப் பையோடு ஏறி வந்தாள். "அட, நாளைக்குன்னு சொன்னே! பாத்தியா புதுப் பூட்டு? அந்தப் பழசு என் கட்டைவிரலைத் திருகி எடுத்துடுச்சுடா. இது அக்கா செலவு, உனக்கு இனாம்."

"பழசு எங்கே?"

"வந்ததும் வராததுமா பழசைக் கேக்கறான் பாரு!"

"எங்கேக்கா?"

அந்தக் குரலில் அவன் அக்காவிடம் பேசியதே இல்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"பழைய பேப்பர் மூட்டையில கிடக்கு. இன்னும் போடலை."

"எப்ப மாத்தினே?"

"நீ போன மறுவாரமே," என்றாள். சற்றுப் பொறுத்து, "அவ வந்தா மணி அடிக்க மாட்டாளாடா?"

"மணி அடிச்சுட்டு நிக்கறவ விருந்தாளிக்கா."

அக்கா கதவைத் திறந்துவிட்டு நேரே மூட்டையிடம் போனாள். திருகாணிகளையும் தேடிப் பொறுக்கிக் கொடுத்தாள். அவன் புதுப் பூட்டைக் கழற்றிப் பழையதைப் பொருத்தும்வரை கதவை அசையாமல் பிடித்துக்கொண்டாள். வாய் மட்டும் ஓயவில்லை. "கதவைக் கொஞ்சம் தூக்கினாத்தான் திரும்புது. இதுவும் ஒரு பூட்டு!"

"அவளுக்கு அது தெரியும்."

அக்கா கீழே வைத்த காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் பூட்டு கடகடத்தது. எட்டிப் பார்த்தான். அக்கா கதவைத் தூக்கிப் பிடித்துப் பூட்டினாள். சாவியை உருவி ஆணியில் மாட்டினாள். மேல் தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள். பழக்க தோஷத்தில் கை அதுவரைக்கும் போனது. தொடாமல் இறங்கிவிட்டது.