இழுங்க என்றுதான் சொன்னேன்

"இழுங்க" என்றுதான் நான் சொன்னேன். "இழுக்காதீங்க" என்று சொல்லவில்லை.

லெட்சுமி அக்கா சரியாகத்தான் கேட்டார். சொன்னபடியேதான் செய்தார். ஆனால் தன் காதில்தான் கோளாறு என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தவள் நான்.

உங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது. ஏனெனில் உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அவரிடம்... முடியவில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிள்ளானில், காப்பார் ஊருக்குப் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. இரண்டரை வயது மகள், யாழினி. நான் பள்ளிக்குப் போனதும் அவளைப் பார்த்துக்கொள்ள வருபவர்தான் லெட்சுமி அக்கா. மாலையில் அவர் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மாலை கட்டுவார். ஐம்பதைத் தாண்டியவர். என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

மற்ற வீடுகளில் இருப்பதுபோல் எங்களுடையது பக்கவாட்டில் நகரும் கேட் அல்ல. வீட்டை எங்களுக்கு விற்றவர் கார் போர்ச்சின் முகப்பை முழுக்க அடைத்து, மடிந்து மடிந்து மேலேறும் கராஜ் கதவு போட்டிருந்தார். வெளியே போக வேறு வழி கிடையாது. பொத்தானை அழுத்தினால் கதவு தானாக ஏறும். மோட்டார்தான் அதைத் தூக்குகிறது என்று நினைத்திருந்தேன்.

இல்லை. கதவுக்கு மேலே ஓர் இரும்புத் தண்டு. அதில் இரண்டு ஸ்பிரிங்குகள். கதவின் கனம் முழுவதையும் தாங்குவது அவைதாம். கதவு இறங்கும்போது அவை முறுக்கேறும், அந்த முறுக்கு அவிழும்போது கதவு ஏறும். மோட்டார் வெறுமனே வழிகாட்டுகிறது. ஸ்பிரிங் ஒன்று அறுந்தால் பாதிக் கனத்துக்கு ஆளில்லை. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். நடந்த பிறகு, கைப்பேசியில் தேடித்தேடிப் படித்தேன். படித்து என்ன பயன்!

தீபாவளிக்கு முந்திய வாரம். அந்தி நேரத்தில் வீட்டு முன்புறம் 'டமார்' என்று ஒரு சத்தம். தூங்கிக்கொண்டிருந்த யாழினி அலறி எழுந்தாள். பட்டாசுதான், வேறென்ன? குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் பக்கத்தில் வெடிக்காதீர்கள் என்று தாமான் வாட்ஸ்அப் குழுவில் காரமாக ஒரு செய்தி போட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வெடித்தது எங்கள் ஸ்பிரிங்.

மறுநாள் காலை கதவு முனகிக்கொண்டே ஏறியது. காருக்குள் உட்காரும்முன் அண்ணாந்து பார்த்தேன். இடப்பக்கச் சுருளின் நடுவே ஓர் இடைவெளி. மூன்று விரல் நுழையும்.

பார்த்தேன். ஆம், பார்த்தேன்!

நான் எதற்கும் பயப்படுகிறவள். மேசை முனைகளுக்குப் பஞ்சு ஒட்டியவள். திராட்சையை நான்காக நறுக்கிக் கொடுப்பவள். "உனக்கு ஃபேன் சுத்தினாலும் பயம், நின்னாலும் பயம் லா" என்பார் என் கணவர் சரவணன். அதனால் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... ஒருவேளை அது எப்போதும் அப்படித்தான் இருக்குமோ? இதையும் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாக வேண்டுமா? வாழ்நாளில் ஒரே ஒருமுறை என் பயத்தை அடக்கினேன். அந்த ஒருமுறை என் பயம் சரியாக இருந்தது.

பத்து மணி வாக்கில், ஆசிரியர் அறையில் இருந்தபோது அக்கா அழைத்தார். மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்கார அண்ணனின் ஹார்ன் கேட்டு யாழினி குதித்திருக்கிறாள். அக்கா பொத்தானை அழுத்த, கதவு இடுப்பளவு ஏறி நின்றுவிட்டது.

"ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது டீச்சர். பாப்பா குனிஞ்சு ரோட்டுக்கு ஓடிடும்போல. என்ன செய்ய?"

அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கையில் பயிற்சி நூல்கள். குழந்தை சாலைக்கு ஓடிவிடுவாள் என்ற ஒரு படம் மட்டுமே என் கண்ணில் நின்றது.

"மோட்டார்கிட்ட சிவப்புக் கயிறு ஒண்ணு தொங்கும் பாருங்க. அத இழுங்க. அப்புறம் கையால கதவ எறக்கிடலாம்" என்றேன்.

அந்தக் கயிறு கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்கும். வீட்டை விற்றவர் அதைக் காட்டியபோது, மின்சாரம் போனால் இழுக்கலாம், ஆனால் கதவு முழுக்கக் கீழே இருக்கும்போது மட்டும் என்று சொல்லியிருந்தார். முதல் பாதி என் நினைவில் இருந்தது. இரண்டாம் பாதி அக்கா கயிற்றை இழுத்த பிறகு வந்தது.

அக்கா இழுத்தார். பாதித் தாங்கல் இல்லாத அந்தக் கதவு அப்படியே விழுந்தது. அதற்குள் யாழினி கதவுக்கு நேர் கீழே போயிருந்தாள். அக்கா பாய்ந்து அவளைப் பிடித்து உள்ளே தள்ளினார். தள்ளிய கையை எடுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

துண்டிக்கப்படாத கைப்பேசி வழியாக அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். பிறகு ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு என் மகளின் அழுகை. அந்த ஒரு நொடியில் நான் யாரைப் பற்றி நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

ரொட்டிக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் கதவைத் தூக்கினார்களாம். யாழினிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மருத்துவமனையில் அக்காவின் வலக்கை முழங்கை வரை கட்டிக் கிடந்தது. துறைமுகத்திலிருந்து வேலை உடையோடு வந்திருந்த சரவணன் கட்டிலருகே நின்று பொதுவாகக் கேட்டார், கதவு பாதியில் நிற்கும்போது கயிற்றை யார் இழுக்கச் சொன்னது என்று. அவர் குரலில் கோபம்கூட இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"டீச்சர் இழுக்காதீங்கன்னுதான் தம்பி சொல்லிருப்பாங்க. எனக்குத்தான் அரகொறையா விழுந்துருக்கு. ரொட்டிக்காரன் வேற ஹார்ன அடிச்சிக்கிட்டே இருந்தான்."

பிறகு என்னைப் பார்த்தார். "அப்படித்தானே டீச்சர்?"

அது என்மேல் சந்தேகம் அல்ல. நிஜமாகவே கேட்டார். படித்த டீச்சர் தவறாகச் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் தவறு தன் காதில்தான்... அவருடைய கணக்கு அவ்வளவு எளிமையானது.

நான் தலையசைத்தேன்.

தலையசைத்ததோடு நின்றேனா? "ஆமாக்கா, இழுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றேன். என் குரல் தெளிவாக, வகுப்பில் பாடம் சொல்வதுபோல் வந்தது. அதிர்ந்துபோனேன்! யார் பேசியது? என் குழந்தையைக் காப்பாற்றிய கைக்கு முன்னால் நின்று, இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்பவள் என்னுள் இத்தனை நாள் எங்கே இருந்தாள்?

கதவுக்குப் புதிய ஸ்பிரிங்குகள் வந்துவிட்டன. ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டுமாம். மற்றதும் அதே அளவு உழைத்துக் களைத்திருக்கும் என்றார் மாற்ற வந்தவர். இப்போது மாதந்தோறும் கதவு மூடியிருக்கும்போது நாற்காலி போட்டு ஏறி, கை படாமல் எண்ணெய் தெளிக்கிறேன். சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று தினமும் பார்க்கிறேன். சரவணன் இப்போது கிண்டல் செய்வதில்லை.

அக்காவின் எலும்பு கூடிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. நாரை முடிச்சிடும்போது பூ நழுவுகிறது. பூக்கடையில் இப்போது அவர் உதிரிப்பூ அளந்து போடுகிறார். எங்கள் வீட்டுக்கு மட்டும் மீண்டும் வந்தார். வந்தவர், நான் எது சொன்னாலும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். "பாப்பாவுக்கு மருந்து சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர்." நானும் இரண்டு தடவை சொன்னேன்.

ஒருநாள் காதைச் சோதிக்க வேண்டும் என்றார். நான்தான் காரில் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினார். வெளியே நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அவருக்குக் காது கேட்கக் கூடாது என்று. கொஞ்சமாவது மந்தமாக இருக்க வேண்டும் என்று! நான் சொன்ன பொய் அந்த அளவுக்காவது மெய்யாகட்டும் என்று...

எல்லாச் சத்தமும் அவருக்குக் கேட்டிருந்தது. இந்த வயதில் இவ்வளவு கூர்மையான காதா என்று சோதித்த பெண் மலாய் மொழியில் வியந்தாள்.

திரும்பும் வழியில் யாழினி பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேருச் சாலையின் சிவப்பு விளக்கில் நின்றோம்.

"காது நல்லாத்தான் இருக்காம்" என்றார். "அப்ப புத்திதான் கொழம்பிப் போச்சு. இழுக்காதேன்னா இழுன்னு எடுத்துக்கிட்டிருக்கு பாருங்க."

இதுதான் அந்த இடம். இதைவிட நல்ல இடம் எனக்கு இனி வாய்க்காது. இல்லையக்கா, உங்களுக்கு ஒன்றும் இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். உதடு பிரிந்தது. உங்கள்மேல் ஆணையாக, பிரிந்தது.

அக்கா திரும்பி யாழினியைப் பார்த்தார். மடங்காத விரல்களால் அவள் போர்வையைச் சரிசெய்தார்.

"இனிமே பாப்பாவ என்கிட்ட தனியா விடாதீங்க டீச்சர். எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. வேற ஆளு பாருங்க."

பச்சை விழுந்தது. பின்னால் லோரி ஹார்ன் அடித்தது.

"சரிக்கா" என்றேன்.