சரஸ்வதி பூஜையும் டிரெய்லர் ஆன்டெனாவும்

எங்களிடம் ஒரு டிரெய்லர் இருந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. அமெரிக்காவில், சான்டா கிளாராவில் எங்கள் தெருவில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஊரை விட்டுப் போகும்போது விற்றதை என் கணவர் வாங்கினார். போகிற இடத்தில் சாம்பார் வைத்துக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னார். வைக்கப்போவது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எண்பதுகளில் கறி சாப்பிடாதவர்கள் வெளியூர் போனால் உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும்தான் கதி என்பதால், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த வருஷம் நான் டெலிவிஷனில் பாடினேன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் தேடிப்போய்ப் பார்க்காத ஒரு சேனலில், இந்தியர்களுக்கென்று அரை மணி நேரம் நிகழ்ச்சி வரும். முக்கால்வாசி ஹிந்திப் பாட்டு, மீதி புடவைக்கடை விளம்பரம். தமிழுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்று யாரோ சண்டை போட்டதில், ஒரே ஒரு கீர்த்தனை பாட எனக்கு இடம் கிடைத்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அதை என் கணவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் வருஷக்கணக்காகப் பாட்டு கற்றுக்கொண்டவள் நான். பெண் பார்க்க வந்தது அவருடைய அப்பா அம்மா மட்டும்தான். பாடச் சொல்லிக் கேட்டது அவர்கள். அவர் அமெரிக்காவில் இருந்தபடியே போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொன்னார். போட்டோ பாடாது. இங்கே வந்த பிறகு அபார்ட்மென்ட் சுவர் மெல்லிசு, அப்புறம் குழந்தை, அப்புறம் எனக்கும் வேலை. ரிக்கார்டிங் அன்றைக்குக்கூட மகள் அடம் பிடித்தாள் என்று அவளைக் கூட்டிக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்குப் போய்விட்டார். ஆகக்கூடி, நான் பாடி அவர் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சில நாள் கோபமாகவும் இருக்கும்.

எப்போது ஒளிபரப்பப் போகிறார்கள் என்று சொல்லிப் போன் வந்தது. பார்த்தால், அந்த வாரக் கடைசிக்குத்தான் லிவர்மோர் தாண்டி மலைக்குள் ஓர் ஏரிக்கரையில் நாலு குடும்பமாகச் சேர்ந்து கேம்ப் புக் பண்ணியிருந்தோம். டேப் பண்ணலாம் என்றால் வி.சி.ஆர். மேஜைமேல் குடல் வெளியே தெரியக் கிடந்தது. அதைத் திறந்தவரும் அவர்தான். நான் வரவில்லை, வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“எதுக்கு? டிரெய்லர்லயே பாக்கலாம். டி.வி. இருக்கு, ஆன்டெனா இருக்கு. ஒயர்தான் பழசு. எல்லாத்தையும் கேபிளா மாத்திடறேன்” என்றார்.

“நீங்க உக்காந்து பாப்பீங்களா?”

“பின்ன? அதுக்குத்தானே மாத்தறேன்.”

டிரெய்லர் கூரையில் இருந்த ஆன்டெனாவை உள்ளேயிருந்தே ஒரு கைப்பிடியைச் சுற்றி உயர்த்தலாம். அதிலிருந்து டி.வி. வரைக்கும் தட்டையாக ஒரு ஒயர் ஓடும். வெயிலில் காய்ந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. அதைப் பிடுங்கிவிட்டு, கறுப்பாக உருண்டையாக இருக்கிற கேபிளை அலமாரிக்குப் பின்னால் விட்டு இழுத்தார். ஒவ்வொரு நுனியிலும் தோலைச் சீவி, கனெக்டரைச் செருகி, அதற்கென்றே இருக்கிற பிளையரால் அழுத்தி நசுக்க வேண்டும். நசுக்கினால்தான் நிற்கும். சிப் டிசைன் பண்ணுகிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். தினமும் ஆபீஸிலிருந்து வந்து ஒரு நுனியை முடித்தார். முடித்ததைப் பார்த்துத் திருப்தியில்லாமல் வெட்டி எறிந்துவிட்டு, மறுபடியும் முடித்தார். வெள்ளிக்கிழமை இருட்டும்போது கூரைமேல் ஒரு நுனி பாக்கி இருந்தது. அதைக் கையால் செருகிப் பார்த்தார். டி.வி.யில் படம் பளிச்சென்று வந்தது. காலையில் நசுக்கிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்துவிட்டார்.

காலையில் சரஸ்வதி பூஜை. அமெரிக்காவில் எங்கள் பண்டிகைகள் சனி ஞாயிறில்தான் வரும், பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் சரி. அந்த வருஷம் பஞ்சாங்கமும் ஒத்துழைத்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் கூடி, பூஜையை முடித்துக்கொண்டு அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு. நாலு குடும்பத்திலும் ஆண்கள் எஞ்சினியர்கள். ஆளுக்கொரு டூல் பாக்ஸோடு வந்தார்கள். யாருடையது பெரிசு என்று ஒரு போட்டியே நடந்தது. என் கணவரும் தன்னுடையதைக் கொண்டுவந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நடுவில் வைத்தார். ஸ்க்ரூ டிரைவர், பிளையர், இன்சுலேஷன் டேப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டலை நைவேத்தியம் பண்ணினோம். கார் டிக்கியில் இருந்த ஸ்பானரைக்கூட ஒருவர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். நாலு எஞ்சினியர்கள் மலையேறிப் போகிறோம், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடையாது. இது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் டி.வி.யைப் போட்டால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. என் கணவர் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினார். நசுக்காமல் விட்ட நுனி மலைப்பாதையில் ஆடி ஆடிக் கழன்றிருந்தது. அவர் அதைச் செருகிப் பிடித்தால் படம் வந்தது. கையை எடுத்தால் போயிற்று. என் ஹேர்பின்னை வைத்தார்கள். ரப்பர் பேண்ட் போட்டார்கள். மகளின் வாயிலிருந்த சூயிங் கம்மை வாங்கி ஒட்டினார்கள். எதுவும் நிற்கவில்லை.

பக்கத்து கேம்ப்பில் இருந்த அமெரிக்கப் பெரியவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தன்னிடம் பிளையர் இருக்கிறது, வேண்டுமா என்று அவராகவே வந்து கேட்டார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்களில் ஒரு நண்பருக்குச் சாஸ்திரம் தெரியும்.

“விஜயதசமி அன்னிக்கு டூலைத் தொடலாம்தான். ஆனா புனர்பூஜை பண்ணி நம்ம டூலை முதல்ல எடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்றார்.

“இது அவர் டூல் சார். அவர் டூலை நாம எங்க பூஜைல வெச்சோம்?” என்றார் இன்னொருவர்.

“யூஸ் பண்றது யாரு? நாமதானே?”

என் கணவர் வருஷம் முழுக்கத் தனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று சொல்கிறவர். கூரையிலிருந்து தலையை நீட்டி, “லாஜிக்கலா பாத்தா சாஸ்திரம் சொல்றதுதான் கரெக்ட்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க லாஜிக்கைத் தூக்கி ஏரில போடுங்க. நானே போய் வாங்கிட்டு வரேன்” என்று கிளம்பினேன். பெரியவர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? பிளையரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, படகில் மீன் பிடிக்கப் போய்விட்டிருந்தார்.

நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. “நீ உள்ள போய் உக்காரு. நான் பிடிச்சுக்கறேன்” என்று கணவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற மூன்று எஞ்சினியர்களும் அதற்குள் உள்ளே இடம் பிடித்திருந்தார்கள். இரண்டு ஹிந்திப் பாட்டுக்கு அப்புறம் நான் வந்தேன். பச்சைப் பட்டுப் புடவை மஞ்சளாகத் தெரிந்தது. மற்றபடி படம் அருமை, ஒரு புள்ளி இல்லை.

“அம்மா, இஸ் தட் யூ?” என்றாள் மகள்.

“நான்தான்.”

“யூ கேன் சிங்?”

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிரெய்லருக்குள் அத்தனை பேர் பார்க்கிறார்கள். யார் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் தவித்தேனோ, அந்த மனுஷர் கூரைமேல் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பல்லவி முடிகிறவரை பொறுத்துப் பார்த்தேன். பொறுக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

“என்ன, படம் வரலையா?” என்றார்.

“வருது. இங்க குடுங்க. நீங்க போய்ப் பாருங்க.”

“அப்ப நீ?”

“நான்தான் பாடியாச்சே. சீக்கிரம் போங்க, அனுபல்லவி முடியப் போறது.”

கை மாற்றும்போது படம் ஒரு முறை போய் வந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டு அடங்கியது. அவர் தடதடவென்று இறங்கி ஓடினார். கூரையில் காற்றுக்காக வைத்த திறப்பு வழியாக என் குரல் மேலே வந்தது. நான் என்னைப் பார்க்கவில்லை. கேபிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே மூச்சு வாங்கினேன், எங்கே சங்கதி பிசகியது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஒருத்தர் இருமக்கூட இல்லை.

பாட்டு முடிந்து புடவைக்கடை விளம்பரம் வந்தது. அவர் வரவில்லை. கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விளம்பரம் முடிந்து அடுத்த ஹிந்திப் பாட்டு ஆரம்பித்த பிறகு வெளியே வந்தார். ஏணிப் பக்கம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எப்படி இருந்தது?” என்றேன்.

“படம் ரொம்ப க்ளியர்.”

“படம் கிடக்கட்டும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“சரணம் மட்டும்தான் பாக்க முடிஞ்சுது. முதல்லேர்ந்து பாடறியா?”

“இங்கயா?”

“இங்கதான்” என்று புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு தரம் கனைத்துக்கொண்டு, கேபிளை விட்டேன். உள்ளே மொத்தக் கூட்டமும் படம் போச்சு, படம் போச்சு என்று கத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சுருதி பிடித்துப் பல்லவியை ஆரம்பித்தேன்.