கருவாட்டுக் கடை மாடியில் காதல் நாவல்கள்

போன மாதம் அடுத்தடுத்து மூன்று நாவல் வாசித்தேன். மூன்றும் வயிற்றைப் புரட்டிவிட்டன.

முதலாவது ஏதோ பரிசு வாங்கியது. அதில் ஒரு பேராசிரியர் வருகிறார். தன் மாணவியின் இடுப்பைப் பார்க்கிறார், உடனே மரணத்தைப் பற்றி யோசிக்கிறார். இடுப்பு, மரணம், இடுப்பு, மரணம் என்று முந்நூறு பக்கம் போகிறது. இரண்டாவது எங்கள் மலையகத்தைப் பற்றியது. அதில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் பனியில் நனைந்த ரோஜாக்கள். பாட்டுப் பாடிக்கொண்டே பறிக்கிறார்கள். எழுதியவர் எங்கள் ஹந்தானைத் தேயிலை மலைக்கு வந்திருந்தாலும் ஹோட்டல் ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கின் வாடையும், அட்டைப்பூச்சிக்குப் பயந்து காலில் தேய்த்த சவர்க்காரத்தின் வாடையும் அந்தக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகவில்லை.

மூன்றாவதுதான் இதை எழுத வைத்தது. என் தங்கையின் மகள் தன் கைபேசியில் போட்டுத் தந்தாள். "பெரியம்மா, இத வாசிங்க. எங்க ஒஃபீஸ்ல எல்லாருமே இதத்தான் வாசிக்கிறோம்" என்றாள். இந்தக் காலத்துக் காதல் கதை. கதாநாயகன் பெரிய கம்பனி முதலாளி. அந்தப் பெண்ணை ஓர் அறையில் பூட்டி வைக்கிறான். நாலாம் அத்தியாயத்தில் கன்னத்தில் அறைகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் அதே கன்னத்துக்கு அவனே மருந்து பூசுகிறான். அவள் அவன் விரல்களைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள். அதற்குக் கீழே வாசகிகள் வரிசையாக இதயம் போட்டிருக்கிறார்கள். 'இப்படி ஒருத்தன் எனக்குக் கிடைக்க மாட்டானா' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள்.

பிடிக்காவிட்டால் ஏன் கடைசி வரை வாசித்தாய் என்று கேட்பீர்கள். பழக்கதோஷம். ஒரு காலத்தில் எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தபோது மூக்கில் கருவாட்டு வாடை அடித்தது. காதல் நாவல் என்றாலே எனக்கு அந்த வாடைதான். மற்றவர்களுக்கு மல்லிகை, மழை, மண்வாசனை எல்லாம் வரும். எனக்குக் கட்டாக் கருவாடும் மாசிக் கருவாடும்.

எழுபதுகளின் கடைசி. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, இந்தியப் புத்தகங்கள் மறுபடியும் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். மடவளையைச் சேர்ந்த நஜீம் நானா கண்டி டவுனில் ஒரு கருவாட்டுக் கடையின் மேல்மாடியை எடுத்து, வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் நூல்நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் குடும்பம் துணி வியாபாரம். புத்தகத்தையும் அவர் துணி போலத்தான் பார்த்தார். அட்டையைத் தடவுவார், தாளைக் கசக்கிப் பார்ப்பார், தரம் சொல்லிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் அவருக்குப் பொறுமை இல்லை. அதற்காகத்தான் என்னை வைத்தார். எனக்கு அப்போது இருபது வயது. பரீட்சையில் தோற்று, வீட்டில் சும்மா இருந்தவள்.

"புள்ள, வார புக்கு எல்லாத்தையும் நீ வாசி. கதை என்ன, நல்லமா இல்லையா எண்டு ரெண்டு வரி எழுதி அட்டைக்கு உள்பக்கம் ஒட்டு. வாற ஆக்களுக்குத் தெரிவு செய்ய லேசு" என்றார்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது என்று நான் குதித்தேன். கோதுமை மாப் பசை காய்ச்சுவேன், நாவல் வாசிப்பேன், துண்டு எழுதுவேன், ஒட்டுவேன். சாம்பிராணி போட்டுப் பார்த்தோம், பூச்சி உருண்டை வைத்துப் பார்த்தோம். பலகை இடுக்கு வழியாகக் கீழ்க்கடையின் வாடை ஏறி வந்து ஒவ்வொரு பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் யாராவது நாவலை விரித்தால் அது எங்கள் புத்தகமா என்று மூக்கே சொல்லும்.

நான் எழுதிய துண்டுகளை இன்று நினைத்தால் கூசுகிறது. 'கோபக்காரக் கதாநாயகன், ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு குழந்தை.' இதை நான்தான் எழுதினேன், இதே கையால். இன்னொன்று இதைவிட மோசம்: 'அவன் அவள் கையை முறுக்கும் இடத்தில் என் நெஞ்சமே துடித்தது.' அதுவரை என் கையை யாரும் முறுக்கியதில்லை. அதனால் தைரியமாக எழுதினேன்.

செல்வராணி சனிக்கிழமைகளில் வருவாள். ஹந்தானைத் தோட்டத்து லயத்துப் பெண், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. இவள் மட்டும் டவுனில் ஒரு தையல் கடையில் பாடசாலைச் சீருடை தைத்தாள். என் வயதுதான். ஒரு வாரத்தில் மூன்று நாவல் முடிப்பாள். பொத்தான் தைக்கும்போது புத்தகத்தை மடியில் திறந்து வைத்திருப்பாளாம். படியேறி வரும்போதே "என்னாடி, புதுசு வந்திருக்கா?" என்று குரல் வரும். நான் ஒட்டிய துண்டுகளை உரக்க வாசித்து இருவரும் சிரிப்போம். என் எழுத்துக்கு இருந்த ஒரே ரசிகை அவள்தான் என்று சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை அவள் புத்தகத்தைத் தேடவில்லை. என் மேசைக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்யும் பாஸ்கரன் என்பவன் அவளைப் பெண் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாள் அவன் அவளை மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் நிறுத்தத்தில் பார்த்திருக்கிறான். தையல் கடையில் கூட வேலை செய்யும் ஓர் ஆணோடு இவள் பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் வந்து இவள் கையிலிருந்த குடையைப் பிடுங்கி, ரோட்டில் அடித்து உடைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டான்.

"அத்தன பேரு பாத்தாங்க. எனக்கு அழுகையும் வருது, என்னமோ மாதிரியும் இருக்கு" என்றாள். "நீ இவ்வளவு வாசிக்கிறியே, நீயே சொல்லு. இது கோவமா, ஆசையா?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "ஆசைதான் புள்ள. ஆசையில்லாதவனுக்கு இப்படிக் கோவம் வருமா?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அந்த வாரம் இரண்டு நாவல் கூடுதலாக எடுத்துப் போனாள்.

கல்யாணம் முருகன் கோயிலில் நடந்தது. நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வாட்டசாட்டமாக, புருவம் நெரித்தபடி, எங்கள் நாவல் அட்டையிலிருந்து இறங்கி வந்தவன் போலவே இருந்தான். எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அவள் வரவில்லை. ஹேவாஹெட்டயிலிருந்து சும்மா சும்மா டவுனுக்கு வர முடியுமா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மழைநாள் மத்தியானம் படியில் காலடி கேட்டது. குரல் வரவில்லை. செல்வராணிதான். மெலிந்திருந்தாள். வலது கையின் கட்டைவிரல் பக்கவாட்டில் வளைந்து நின்றது.

"கதவு நிலையில வச்சுச் சாத்திட்டான்" என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. "பக்கத்து வூட்டு அண்ணனுக்குத் தண்ணி குடுத்தேன்னு. இப்ப ஊசி புடிக்க முடியல."

அவள் அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இதுல ஒருத்தி புருசன விட்டுட்டுப் போயி, திரும்பி வராம இருக்கிற கத ஏதாவது இருக்கா?"

இருக்கும் என்றுதான் தேடத் தொடங்கினோம். நான் ஒரு தட்டு, அவள் ஒரு தட்டு. அட்டையைத் திறந்து, நடுவை விட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் புரட்டினோம். ஒருத்தி பெட்டியோடு கிளம்புகிறாள். ரயில் நிலையத்தில் அவன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்கிறான், திரும்பிவிடுகிறாள். ஒருத்தி தாய் வீட்டுக்குப் போகிறாள். தாயே திட்டி அனுப்பிவிடுகிறாள். ஒருத்தி திரும்பவில்லை, ஆனால் செத்துப்போகிறாள். மூன்று மணிநேரம் தேடினோம். கிட்டத்தட்ட அறுநூறு புத்தகம் இருந்த இடத்தில் ஒருத்திகூட உயிரோடு தப்பிப் போகவில்லை. அட்டையைத் திறக்கத் திறக்க, அந்தத் துண்டுகளெல்லாம் என் கையெழுத்தில், எனக்கு முன்னால், ஒவ்வொன்றாக வந்தன.

"இல்லையா?" என்றாள். புத்தகத்தை இருந்த இடத்தில் சரியாகச் செருகினாள். "சரி. நான் ஹந்தானைக்குப் போறேன். அம்மாகிட்ட."

"செல்வி, நான்தானே ஆசைன்னு சொன்னேன்."

அவள் படியில் நின்றாள். "நீ சொல்லாட்டியும் கட்டியிருப்பேன்" என்றாள். ஒரு படி இறங்கி, "ஆனா நீ சொன்னது ஞாபகம் வரும். அவன் கைய ஓங்கிறப்பவெல்லாம் வரும்" என்றாள்.

அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலைந்து நாள் கழித்து பாஸ்கரன் வந்தான். நஜீம் நானா தொழுகைக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். கத்துவான், அலுமாரியைத் தள்ளுவான் என்று பயந்தேன். அவன் கதிரையில் உட்கார்ந்து அழுதான். "அவ இல்லாம என்னால உயிர் வாழ ஏலாது தங்கச்சி. நான் செஞ்சதெல்லாம் பாசத்தாலதான். லயத்துல கேட்டா வரல்லங்கிறாங்க. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அவன் நாவல் வாசிக்கிறவன் இல்லை. அப்படியிருந்தும் வார்த்தைக்கு வார்த்தை அந்த வசனம். நான் நூறு முறை வாசித்தது, பல முறை கண்ணீர் விட்டது. இப்போது அது எனக்கு எதிரில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்த அவன் கையைப் பார்த்தேன். கதவைச் சாத்திய கை அது.

"கொழும்புக்குப் போயிட்டா" என்றேன். "ஏதோ வீட்டு வேலைக்குன்னு சொன்னா. விலாசம் தெரியாது."

நான் நன்றாகப் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அவன் நம்பினான். அவன் இரண்டு மாதம் கொழும்பில் தேடியதாகக் கேள்விப்பட்டேன். மறுபடி லயத்துக்கு வந்தபோது செல்வராணியின் அப்பாவும் அக்கம்பக்கத்து லயக் காம்பராக்களில் இருந்தவர்களும் வாசலில் நின்றார்கள். வந்த வழியே போய்விட்டான்.

அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். தாய்மார் மலையில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வளைந்த விரலோடே குழந்தைகளைக் குளிப்பாட்டப் பழகிக்கொண்டாள்.

நான் துண்டுகளை மாற்றி எழுதத் தொடங்கினேன். 'இவன் அடிக்கிறான். இவள் பொறுத்துக்கொள்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.' வியாபாரம் படுத்துவிடும், நானா என்னை அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. அப்படி எழுதிய புத்தகங்களைத்தான் முதலில் எடுத்துப் போனார்கள். "நீ இப்ப எழுதுற மாதிரி முந்தி எழுதல்லையே புள்ள, புக்கு நல்லா ஓடுது" என்றார் நானா. அந்த மாதமே வேலையை விட்டேன்.

செல்வராணியின் அப்பா, இரு நாட்டு ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக எப்போதோ விண்ணப்பம் போட்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்பு போட்டதால் அவள் பெயரும் அதில் இருந்தது. பாஸ்போட் வந்தது. கண்டி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பெட்டிக்குப் பெட்டி அழுகை. தகரப் பெட்டி, பாய்ச்சுருள், அம்மிக்கல்லைக்கூடச் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். செல்வராணி மட்டும் அழவில்லை.

எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "வழியில வாசிக்க ஏதாவது வாங்கிட்டு வரவா?" என்றேன்.

"வேணாம்டி. நான் ஜன்னல் பக்கம் உக்காரப் போறேன்" என்றாள்.

கோத்தகிரிப் பக்கமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அங்கும் தேயிலைதான், குளிருக்கு விரல் வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். மூன்றாவதாக நான் போட்டதற்குப் பதில் இல்லை. பிறகு இங்கே கலவரம், நாங்களும் வீடு மாறினோம். அந்தக் கோச்சி நின்றது, கப்பலும் நின்றது. தொலைக்காட்சி வந்ததும் மாடியில் ஆட்கள் குறைந்தார்கள்; நஜீம் நானா புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு மறுபடி துணிக்கே போனார். இப்போது அவரும் இல்லை. அந்தக் கட்டிடத்தை இடித்துக் கண்ணாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

தங்கையின் மகளிடம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, இந்தக் கதையைச் சொன்னேன். "அந்த ஆன்ட்டி பாக்க எப்படி இருப்பாங்க பெரியம்மா?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். நான் வாசித்துத் துண்டு ஒட்டிய அத்தனை கதாநாயகிகளின் கண்ணும் மூக்கும் கூந்தலும் வரிசையாக வந்து நின்றன. செல்வராணியின் முகம் மட்டும் எனக்கு வரவில்லை.