தையலுக்கு விட்ட அரை அங்குலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எழுத்து வரிசையில் நிற்காது. மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ல, ள, ழ எங்கே எது வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கை போட்டதெல்லாம் துணியின் மேல் சாக்குக்கட்டிக் கோடுகள். துணியை வெட்டியதும் அந்தக் கோட்டுக்கும் வேலை முடிந்துவிடும். அதனால் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து, சுற்றிக் கோடு போட்டு, மிஷினால் மொத்தமாக வெட்டி எடுப்பது என் வேலை. வாயைத் திறக்காமலே நாள் முழுக்கச் செய்யலாம். அதுதான் எனக்குப் பிடித்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீக்கடையில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லக்கூடக் கூச்சப்பட்டு, கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அனுப்பர்பாளையத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் அண்ணன் குடும்பம் பாதி, நாங்கள் பாதி என்று இருந்தோம். ஓடு சரிந்து மழை உள்ளே வர ஆரம்பித்ததும், இடித்துவிட்டு ஒரே கான்கிரீட் தளத்தின் கீழ் இரண்டு வீடாகக் கட்டலாம் என்று அண்ணன் முடிவு செய்தார். நடுவில் ஒரு பொதுச் சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வீட்டை இடித்ததும் அண்ணன் அவர் வேலை பார்க்கும் பாத்திரப் பட்டறைக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போனார். நாங்கள் வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்கு வந்தோம்.

இன்ஜினியரிடம் பிளான் வாங்கி, அதில் ஒரு நகலை அண்ணன் என்னிடம் கொடுத்தார். "நல்லாப் பாத்துட்டுச் சொல்லுடா" என்றார். "சரிங்கண்ணா" என்று வாங்கி வந்தேன். வீட்டில் தரையில் விரித்து வைத்து நானும் என் மனைவியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம்.

"ஏனுங்க, கோடாத்தான் இருக்குது. இதுல ஊடு எங்கீங்க?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. துணி அட்டை என்றால் எது முன்பக்கம், எது கை என்று தூரத்திலிருந்தே சொல்வேன். இதில் அறை அறையாக அளவு எழுதியிருந்ததே தவிர, எது எங்கே எழுந்து நிற்கும் என்று கண்ணுக்கு வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் வீடு செய்து பார்க்கும் யோசனை வந்தது.

என் மனைவியின் தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான். வண்டி நம்பர் பிளேட்டுக்கும் கடைக் கண்ணாடிக்கும் ஸ்டிக்கர் வெட்டித் தருவது அவன் தொழில். கடை என்று தனியாக இல்லை. வீட்டிலேயே டிவிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரையும் ஒரு சின்னக் கட்டிங் மிஷினையும் வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் கோடு போட்டால் மிஷின் தாளை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு அதே கோட்டில் வெட்டும். அதில் இருக்கும் கத்தி அரிசி நுனி அளவுதான். என் கம்பெனி மிஷின் கத்தியைப் பார்த்தவனுக்கு அது எறும்பு கடிப்பது போல இருந்தது.

கம்பெனியில் மிச்சம் விழும், பனியனில் தொங்கவிடும் டேக் அட்டைகளைக் கொண்டுபோனேன். பழக்கதோஷத்தில் மூன்று அட்டையை அடுக்கி ஒன்றாக உள்ளே விட்டேன். மிஷின் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

"மாமா, இது உங்க கட்டிங் டேபிள் இல்லீங்க. ஒண்ணொண்ணா உடுங்க, பாவம் அது சின்னப் புள்ள" என்றான் மைத்துனன்.

அட்டை வழுக்காமல் இருக்க ஸ்டிக்கர் தாளின் பசைப்பக்கத்தில் ஒட்டி அனுப்பினான். கத்தியின் அழுத்தத்தைக் கூட்டினான். முதல் சுவர் வெளியே வந்தபோது ஜன்னல் இருந்த இடத்தில் குட்டிச் சதுரம் தானாகக் கழன்று தரையில் விழுந்தது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மூத்தவர் பாகத்தை முதலில் வெட்டுவதுதானே முறை. அண்ணன் பாகத்தை முதலில் எடுத்தோம். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு. பிளானைப் பார்த்து நான் ஒவ்வொரு சுவருக்கும் அளவு சொன்னேன், அவன் கோடு போட்டான். ஒட்டுவதற்கு மடிப்பை அவனே ஓரத்தில் சேர்த்துக்கொண்டான். மறுநாள் எங்கள் பாகம். அன்றைக்குக் கம்பெனியில் சரக்கு அனுப்ப வேண்டிய அவசரம், என்னால் போக முடியவில்லை. அவனே பிளானைப் பார்த்து வெட்டி, ஒட்டி, அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

நான் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பாகமும் கட்டிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மனைவி என் அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

"படி இருக்கறது உங்கண்ணன் பாகந்தானுங்களே?"

"ஆமா."

"அகலம் எட்டு அங்குலமுங்க. நம்முளுது ஏழு. ஊடு கட்டறப்போ அது ரெண்டு அடிங்க. பின்னாடியும் அவருதுதான் நீட்டிட்டு நிக்குது. உசரங்கூட அவருதுதான் மேல."

நானும் அளந்தேன். அவள் சொன்னது சரி. அண்ணன் வீடு பெரியது. எங்கள் வீடு அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றது.

அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன். என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் அவர் பட்டறைக்குப் போவார். பட்டறைக்கு நேர் வழி வேறு. எனக்காகச் சுற்றிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவரை, ஒரு அட்டை வீட்டைப் பார்த்துவிட்டு நான் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை. டேப் பொய் சொல்லாது என்றே பழகியவன் நான். பிளானைத் திரும்ப எடுத்து எண்களைக் கூட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்து, அது உண்மையாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அதைத் தொடவே இல்லை.

"நீங்க கேக்கறீங்களா, நான் போய்க் கேக்கட்டுங்களா?" என்றாள் மனைவி.

அவள் கேட்டால் வார்த்தை தடித்துவிடும். அண்ணியும் சும்மா இருக்க மாட்டார். பொதுச் சுவர் எழும்புவதற்கு முன்பே நடுவில் வேறொரு சுவர் வந்துவிடும். நானே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம், "அண்ணா, ஒரு சின்ன விசயமுங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் பித்தளைக் குடத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியைக் கீழே வைத்தார்.

"ஏன்டா, இந்த வெயில்ல?"

"சும்மாதானுங்கண்ணா."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"டீ குடிச்சுட்டு வந்தீங்களாக்கும்! அது நம்மூட்டுலயே கெடைக்குங்க" என்றாள் மனைவி. அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மேஸ்திரி நூல் பிடிக்க வருவதாக இருந்தது. சுவர் எங்கே வரும் என்று நூல் கட்டி, கோடு போட்டு, அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டிவிட்டால் அப்புறம் எதுவும் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். புதன்கிழமைப் பூசைக்குச் சாமான் வாங்குவது பற்றிச் சொல்ல வந்திருந்தார். கட்டிலின் மேல் இருந்ததைத் துண்டு போட்டு மூடப் பார்த்தேன். அதற்குள் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அட, இது நம்மூடாடா?"

குனிந்து ஜன்னல் வழியாக ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். படியை விரலால் ஏறிப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். பிறகு இரண்டையும் ஒட்டி வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல எம்பாகம் எது?"

"படி இருக்கறதுங்க" என்றாள் மனைவி.

அவர் சாண் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"எம்பாகம் பெருசா இருக்குதே?"

"நாங்களும் பாத்தமுங்க" என்றாள் அவள்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்த கோபம் அல்ல.

"பாதிப் பாதின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! அந்த இன்ஜினியரு என்ன பண்ணி வெச்சிருக்கறான் பாரு. செவுத்தை எம்பக்கம் தள்ளிப் போடச் சொல்லறேன், இப்பவே." சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தவர் என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இதைச் சொல்லத்தான் அன்னைக்குப் பட்டறைக்கு வந்தியா? வந்தவன் வாயத் தொறந்து சொல்லறதுக்கென்ன? நாளைக்கு உன்ற பொண்டாட்டி என்னைய என்ன நெனைப்பா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை நாளாகச் சோறு இறங்காத எனக்கு அந்த நிமிடம் பசித்தது. சுவர் எங்கே வந்தாலும் சரி, இரண்டு அடி போனாலும் சரி என்று இருந்தது.

அண்ணன் போனில் இன்ஜினியரின் எண்ணைத் தேடிக்கொண்டே அட்டை வீட்டைத் திரும்பப் பார்த்தார்.

"அதெப்படிடா? அகலந்தான் தப்பாப் போட்டான்னா, உசரம் எப்படி எம்பக்கம் மட்டும் தூக்கும்? ரெண்டுக்கும் சேத்து ஒரே தளந்தானே போடறோம்?"

நான் குனிந்து பார்த்தேன். அண்ணன் வீட்டுச் சுவர் எங்கள் சுவரைவிட ஒரு அங்குலம் உயரமாக இருந்தது. அகலத்தில் கூடியது இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. இந்த அளவுகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. டி-சர்ட் வெட்டும்போது பக்கத் தையலுக்கு அரை அங்குலம் விடுவேன். அடியில் மடித்துத் தைக்க ஒரு அங்குலம் விடுவேன். அட்டையில் அளவு சொல்லும்போதே வாய் அதைச் சேர்த்துத்தான் சொல்லும். யோசிக்க வேண்டியதே இல்லை. மைத்துனனுக்கும் அப்படியேதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் பாகத்தை அவனே பார்த்து வெட்டியதால் அது பிளானில் இருந்தபடி வந்திருக்கிறது.

"அண்ணா, போனை வைங்க."

அண்ணனிடம் அதை வை, இதைச் செய் என்று நான் அதுவரை சொன்னதில்லை. அவர் வைத்துவிட்டார்.

"இன்ஜினியரு மேல தப்பில்லீங்க. நாந்தான் தையலுக்கு உட்டுட்டேன்."

"எதுக்கு உட்ட?"

"ரெண்டு பக்கமும் தையலுக்குங்க. அடியில, மடிச்சு அடிக்கறதுக்கு."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"செவுத்தை மடிச்சுத் தெக்கறியாடா நீ! ஏன் கண்ணு, காலர் வெக்கலையா? பட்டன் எத்தனை?"

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது.

பிளானை எடுத்து விரித்து, மூன்று பேருமாக அறை அளவுகளைக் கூட்டிப் பார்த்தோம். அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். நீளமும் ஒன்றுதான். அண்ணன் கூட்டியதை நான் கூட்டினேன், நான் கூட்டியதை மனைவி கூட்டினாள். அப்புறம்தான் அவள் இட்லி ஊற்றப் போனாள். அன்றைக்கு நான் எவ்வளவு தின்றேன் என்று கேட்காதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு மைத்துனன் வீட்டுக்குப் போய் அண்ணன் பாகத்தைத் திரும்ப வெட்டினோம். இந்த முறை அளவைச் சொன்னது மனைவி. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மிஷினுக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தாள் போய்ப் போய் வருவதையே பார்த்தார். "சுத்திச் சத்தமில்லாம எப்படி வேலை செய்யுது பாரு" என்றார். ஒட்டி முடித்து இரண்டையும் சேர்த்து வைத்தபோது சுவர்கள் ஒட்டி நின்றன. இரண்டுக்கும் சேர்த்து வெட்டிய தளத்தை மைத்துனன் மேலே வைத்தான். எங்கேயும் தூக்கவில்லை.

புதன்கிழமை மேஸ்திரி நூலோடு வந்தார். ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறு முனையை என்னிடம் கொடுத்தார். இடித்த வீட்டின் மண் இன்னும் அங்கங்கே குவிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அண்ணியும் என் மனைவியும் தேங்காய்த் தட்டோடு நின்றார்கள்.

"நடுச்செவுரு இந்த நூல்லயே வரட்டுங்களா?" என்று மேஸ்திரி கேட்டார்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

"இதுலயே வரட்டுங்க" என்றேன். அடுத்த வீட்டு வாசல்வரை கேட்டிருக்கும்.

மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே போனார்.

இப்போது அந்தச் சுவர் நிற்கிறது. அந்தப் பக்கம் அண்ணன் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கிறது. காலையில் முதல் தும்மல் கேட்டதும், விடிந்துவிட்டது என்று என் மனைவி அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

இதை எழுதியது 2009 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை.