சின்னையாவின் தங்கை

“அண்ணன்” என்றான் வாசலில் நின்றவன்.

காவலுக்கு இருந்த கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். போன சனிக்கிழமையும் இவன்தான் வந்தான். அன்றும் அண்ணன். பெண்கள் விடுதிக்குள் தகப்பனும் கூடப் பிறந்தவனும் மட்டும் வரலாம் என்பது சட்டம். சட்டம் எப்படி நடக்கிறது என்று போட்டவர்களுக்கும் தெரியும், காவல்காரருக்கும் தெரியும். அவர் மாடியைப் பார்த்துக் கை காட்டினார்.

மாடித் தாழ்வாரத்திலிருந்து பாப்பா கத்தினாள். “நல்லு, ஒங்க அண்ணே வந்துட்டாருடி! பவுடர் பூசினது போதும், எறங்கி வா!”

“எந்த ஊரு அண்ணே?” என்றது இன்னொரு குரல்.

“தஞ்சோங் ரம்புத்தான்.”

“ஐயோ, உள்ள இருக்கவரா, வெளிய இருக்கவரா?”

விடுதியே சிரித்தது. கீழே நின்ற சின்னையாவும் சிரித்தான். அவன் அப்பா அங்கே மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேலி பழக்கம்தான்.

இது 1974இல், ஈப்போவில், ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். நல்லம்மாள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவுகிறவர்கள். விடுதியில் யாருக்கெல்லாம் காதலன் இருந்தானோ அவர்களுக்கெல்லாம் ஒரு அண்ணன் இருந்தான். பாப்பாவுக்கு மட்டும் ஒரே ஆண்டில் மூன்று அண்ணன்கள்.

அண்ணனோடு போனால் ஆறு மணி வரை வெளியே இருக்கலாம். இருவரும் பூங்காவுக்குப் போவார்கள், படத்துக்குப் போவார்கள். கொட்டகையில் விளக்கு அணைந்த பிறகுதான் சின்னையா வந்து பக்கத்தில் உட்காருவான். திரையில் வணக்கம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விடுவான். கேட்டால், “யாராச்சும் பாத்தா ஒனக்குத்தானே பேரு கெடும்?” என்பான். தன்மேல் எவ்வளவு அக்கறை என்று நல்லம்மாள் நினைத்துக்கொண்டாள். அவனை அவள் ஒருமுறைகூட அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

மறு ஆண்டு தைப்பூசத்தன்று குகைக் கோயில் படியில் கூட்ட நெரிசலில் இருவரும் கை கோத்து இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா எதிரில் வந்தாள். கருப்பம்மாளுக்கு ஒரே பிள்ளை. சின்னையா கையை உதறினான்.

“தங்கச்சிம்மா. காலேஜ்ல கூடப் படிக்குது. கூடப் பொறக்காத தங்கச்சி.”

கருப்பம்மாள் அதை அப்படியே நம்பினாள். பெண் குழந்தைக்கு ஏங்கியவள். கூட்டத்துக்கு நடுவிலேயே வளையல் கடைக்கு இழுத்துப்போய் இரண்டு கைக்கும் போட்டுவிட்டாள். “இனிமே ஒனக்கு ரெண்டு அம்மாடி” என்றாள்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று அன்று மாலை நல்லம்மாள் கேட்டாள்.

“வேல கெடைக்கட்டும் லா. நிரந்தரமானதும் நானே சொல்லிருவேன். சத்தியமா.”

வேலை கிடைத்தது. அவனுக்கு ஈப்போவில். அவளுக்கு அவள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். நிரந்தரமும் ஆயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி கருப்பம்மாள் முறுக்கும் சேலையும் கொடுத்தனுப்பினாள். சின்னையா மாதம் ஒருமுறை வந்தான், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு வரவில்லை.

1979இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு முன்னால் கார் வந்து நின்றது. கருப்பம்மாள் தாம்பாளத்தோடு இறங்கினாள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பட்டுச் சேலை.

நல்லம்மாளின் அம்மா பின்பக்கமாக ஓடி அடுத்த வீட்டில் சீனி கடன் வாங்கினாள். லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பா சன்னாசி சட்டையை மாட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம், “மாப்ள வீட்டுக்காரங்க” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. நல்லம்மாள் உள்ளே சேலை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

கருப்பம்மாள் தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தாள்.

“ஒங்க அண்ணனுக்குக் கல்யாணம்டி. பாகான் செராய்ப் பொண்ணு. அவுங்கப்பா லாரி வச்சு நெல்லு ஏத்துறாரு. நாத்தனார் முடிச்சு நீதான் போடணும். வேற யாரு இருக்கா எங்களுக்கு?”

வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். சன்னாசி பின்கதவு வழியாக வெளியே போனார்.

“அவரு வரலியாம்மா?” என்றாள் நல்லம்மாள்.

“கார்ல இருக்கான். எறங்க மாட்டேங்குறான். வெக்கம்.”

நல்லம்மாள் தாம்பாளத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். காப்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். அவன் கண்ணாடியை இறக்கவில்லை. அவள் விரலால் தட்டினாள். இறக்கினான்.

“காப்பி குடிங்கண்ணே.”

அவன் அவசரமாக வாங்கியதில் காப்பி கால்சட்டையில் சிந்தியது. அவன் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

மறு வாரம் பள்ளி விட்டதும் வேலியோரம் வந்து நின்றான்.

“ஒடம்பு சரியில்லன்னு அம்மாகிட்டச் சொல்லிரு நல்லு. தூரத்துப் பெரியப்பா மக யாரையாச்சும் வச்சுப் பாத்துக்கலாம்.”

“பொய் சொல்லவா?”

“என் நெலமையக் கொஞ்சம் நெனச்சுப் பாரு லா.”

“நெனச்சுப் பாத்தேண்ணே.”

“அப்படிக் கூப்புடாத.”

“வேற எப்படிக் கூப்புடறது? நீங்களே சொல்லுங்க. கல்யாணத்தன்னைக்கும் அப்படியே கூப்புடுறேன்.”

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு தனியாக அவளைப் பார்க்க வரவே இல்லை.

நல்லம்மாள் கருப்பம்மாளிடம் கேட்டு ஒரு கட்டுப் பத்திரிகை வாங்கிக்கொண்டாள். கல்லூரியில் கூடப் படித்தவர்களுக்கு ஒருவர் விடாமல் அனுப்பினாள். பக்கத்து ஊர்களில் இருந்தவர்களுக்கு நேரிலேயே போய்க் கொடுத்தாள். “எங்க அண்ணனுக்குக் கல்யாணம். அவசியம் வரணும்.” சிலர் சிரித்தார்கள். சிலர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோலா கங்சாரில் வேலை பார்த்த பாப்பா அழுதாள்.

“பாகான் செராய்க்குப் போயி ஒரு வார்த்த சொல்லுடி. கல்யாணம் நின்னுரும்.”

“நின்னா ஒரு நாள் அவமானம். ஆறு மாசத்துல வேற பொண்ணு பாத்துருவாங்க. அப்புறம் நான் யாரு அவனுக்கு?”

“இப்ப மட்டும் யாரு?”

“நாத்தனாருடி. அவன் வீட்டுல எந்த நல்லதும் நான் இல்லாம நடக்காது. பிள்ள பொறந்தா நான் வரணும், காது குத்துனா நான் வரணும். ஒவ்வொரு தடவையும் அவன்தான் கதவத் தொறக்கணும்.”

பாப்பா பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கல்யாணம் பாகான் செராயில் கோயில் மண்டபத்தில் நடந்தது. கல்லூரிக் கூட்டம் முன்னால் இரண்டு வரிசையை நிறைத்திருந்தது. மணவறையிலிருந்து சின்னையா அவர்களைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. நல்லம்மாள் மணவறைப் பக்கம் போகாமல் அந்த வரிசையிலேயே, ஓரத்தில், உட்கார்ந்திருந்தாள்.

கெட்டிமேளம் எழுந்தது. சின்னையா தாலியைப் பெண்ணின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டான்.

“நாத்தனார் எங்க? சீக்கிரம் வரச் சொல்லுங்க” என்றார் ஐயர்.

நல்லம்மாள் எழுந்திருக்கவில்லை.

“அங்க என்னடி பண்ற?” என்று கருப்பம்மாள் கத்தினாள்.

“அண்ணே கூப்புடட்டும்மா. மொறையா கூப்புட்டாத்தானே வரமுடியும்?”

கருப்பம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. மகனின் தோளைத் தட்டினாள். “கூப்புடுடா ஒன் தங்கச்சிய.”

அவன் இரண்டு கையாலும் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். விட முடியாது. உதடு அசைந்தது.

“கேக்கலண்ணே” என்றாள் நல்லம்மாள்.

“தங்கச்சி!” என்று அவன் மேளத்துக்கு மேல் கத்தினான். “வா தங்கச்சி!”

முன் வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். “நல்லு, ஒங்க அண்ணே வந்துட்டாரு, எறங்கி வா!” என்றது ஒரு குரல். பெண் வீட்டார் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

நல்லம்மாள் அவசரமில்லாமல் நடந்துபோய்ப் பெண்ணின் பின்னால் நின்றாள். கயிற்றை அவன் விரல்களிலிருந்து வாங்கினாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் இறுக்கிப் போட்டாள். பெண்ணின் பிடரியில் வியர்வை. அவள்மேல் நல்லம்மாளுக்குக் கோபம் இல்லை. இரக்கமும் வரவில்லை.

சாயங்காலம் மணமக்கள் தஞ்சோங் ரம்புத்தானுக்கு வந்து சேர்ந்தபோது நல்லம்மாள் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். நாத்தனார் வாசல் மறிப்பது வழக்கம். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

“ஒங்களுக்குப் பொண்ணு பொறந்தா என் மகனுக்குக் குடுப்பீங்களா? சொல்லிட்டு உள்ள போங்க.”

“குடுக்குறோம் அண்ணி” என்றாள் மணப்பெண், தலையைக் குனிந்து சிரித்தபடி.

“நீ சொல்ல வேணாம்மா. அண்ணே சொல்லட்டும். சொன்ன சொல்லு மாறமாட்டாரு எங்க அண்ணே.”

“குடுக்குறேன்” என்றான்.

“சத்தியம் பண்ணுங்கண்ணே.”

உள்ளங்கையை நீட்டினாள். கூட்டம் சிரித்தது. “பண்ணுங்க மச்சான், காலு வலிக்குது!” என்று யாரோ கத்தினார்கள். சின்னையா அவள் கைமேல் கையை வைத்தான். உடனே எடுக்கப் பார்த்தான். அவள் பிடித்துக்கொண்டாள்.

“சத்தமா.”

“சத்தியமா” என்றான். அவன் கண்கள் கலங்கியதைக் கருப்பம்மாள் பார்த்தாள். “பாருங்கடி, தங்கச்சின்னா என்னா பாசம்!” என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லம்மாள் வழிவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் சுங்கை சிப்புட்டுக்கு வந்தாள். தோட்டத்து லாரி போய்விட்டிருந்ததால் பெரிய சாலையிலிருந்து பள்ளிக்கு நடந்தாள். ஓர் ஆசிரியர் வரவில்லை. மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். கல்யாணம் எப்படி என்று தலைமையாசிரியர் கேட்டார். நல்லபடியாக நடந்தது என்றாள். மத்தியானம் மழை பெய்தது. வீட்டுக்கு வந்து பட்டுச் சேலையை நிழலில் காயப்போட்டாள். சன்னாசி அவளோடு பேசவில்லை. அந்த வீட்டுக்கு இனிமேலும் போவியா என்று அம்மா கேட்டாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை போகணும், அங்கே விருந்து இருக்கு என்றாள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டாள். தோட்டத்து ஜெனரேட்டர் நிற்பதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.